எம்டன்: ஒரு சொல்லும் ஒரு கப்பலும்

"அவங்க அப்பா ஒரு எம்டன் சார், எட்டு மணிக்கு மேல வெளிய விடமாட்டார்." எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தது. எம்டன் என்றால் யார் என்று கேட்டேன். "கண்டிப்பான ஆள்" என்றான் ஒருவன். "இல்ல, தந்திரக்காரன்" என்றாள் இன்னொருத்தி. "எமன்ல இருந்து வந்திருக்கும் சார்" என்று மூன்றாவது குரல் வந்தது. எம்டன் ஒரு கப்பலின் பெயர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுடைய தாத்தா, பாட்டிகளில் பலருக்குக்கூட அது தெரிந்திருக்காது. சொல் மட்டும் கரையில் தங்கிவிட்டது, கப்பல் போய்விட்டது.

2006-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்கு முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற விதிக்காக அது 'எம் மகன்' ஆனது. சென்னைக்குள் குண்டாக வந்து விழுந்த சொல் 92 ஆண்டுகள் நம் பேச்சில் புழங்கிய பிறகும் தமிழ்ச் சொல் ஆகவில்லை போலும்! கேரளத்தில் பெரிதான எதையும் 'எமண்டன்' என்பார்கள், அதுவும் இந்தக் கப்பலின் பெயர்தான் என்று சொல்லப்படுகிறது. இலங்கையில் சிங்களப் பேச்சிலும் எம்டன் உண்டு.

முதல் உலகப் போர் பாடத்தை நம் பிள்ளைகளுக்கு நடத்தும்போது சரயேவோ, வெர்சாய், மார்ன் என்று இடப்பெயர்கள் வரிசையாக வரும். எல்லாமே தூரம். அந்தப் போரைத் தமிழ்நாட்டின் கரைக்கே கொண்டுவந்த ஒரு கப்பலின் வரலாற்றைப் பாடத்தோடு சேர்த்து நடத்திப் பார்த்தேன். அதற்காகத் திரட்டியவற்றை ஆசிரிய நண்பர்களுக்காக இங்கே தருகிறேன். வரலாறு, புவியியல், கணக்கு, தமிழ் என நான்கு பாடவேளைகளுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

கப்பலின் பிறப்பு

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்த ஊரின் பெயரைச் சூட்டிய கப்பல் டான்சிக் நகரின் அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1906-இல் வேலை தொடங்கி, 1908 மே மாதம் நீரில் இறக்கி, 1909 ஜூலையில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் குழல்வாயும் 10.5 சென்டிமீட்டர். மாலுமிகளும் அதிகாரிகளுமாக ஏறத்தாழ 360 பேர். மூன்று புகைபோக்கிகள். பன்னிரண்டு கொதிகலன்களும் நிலக்கரியில் எரிந்தன.

க்ரூசர் என்ற வகையைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு வழி: கனமான கவசம் போர்த்த பெரிய போர்க்கப்பல்கள் யானைப்படை என்றால் இது குதிரைப்படை. நேருக்கு நேர் நின்று மோதுவது இதன் வேலை அல்ல. விரைவாகப் போய், வேவு பார்த்து, எதிரியின் வணிகக் கப்பல்களை மறித்து, பெரிய கப்பல் வருவதற்குள் விலகிவிட வேண்டும். எம்டனின் உச்ச வேகம் 23 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். இன்றைய நகரப் பேருந்தின் வேகம்தான். ஆனால் அன்றைய சரக்குக் கப்பல்கள் பத்து நாட்டைத் தாண்டினாலே பெரிது.

1910-இல் எம்டன் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது. அதன் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. சீனக் கடற்கரையில் ஜெர்மனி குத்தகைக்கு எடுத்திருந்த சிங்டாவ் துறைமுகம் அதற்கு இருப்பிடமானது. வெள்ளை நிறமும் ஒடிசலான உடலும் கொண்டிருந்ததால் 'கிழக்கின் அன்னம்' என்று அழைக்கப்பட்டது.

அந்த அன்னம் செய்த முதல் பெரிய வேலையை நம் நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பசிபிக் கடலில் பொனாப்பே என்ற தீவு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. சாலை போடுவதற்குத் தீவு மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். 1910 அக்டோபரில் ஒரு தொழிலாளி அடிக்கப்பட்டதைத் தொடர்ந்து சோக்கே பகுதி மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள், ஜெர்மன் அதிகாரி கொல்லப்பட்டார். 1911 ஜனவரியில் எம்டனும் வேறு சில கப்பல்களும் அங்கே போய்க் குன்றின் மீது குண்டு வீசின. கிளர்ச்சி அடக்கப்பட்டது. பதினைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் பாலாவ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இதை நான் வகுப்பில் வேண்டுமென்றே முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையைத் தாக்கிய கதையை மட்டும் சொன்னால், வெள்ளைக்காரனை அடித்த கப்பல் என்று பிள்ளைகள் கைதட்டிவிடுவார்கள். கைதட்டட்டும், தவறில்லை. ஆனால் பொனாப்பே தீவின் ஒரு பள்ளியில் இதே கப்பலைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும். "அப்ப அது யாரு பக்கம் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஜெர்மானியப் பேரரசின் பக்கம், வேறு யார் பக்கமும் இல்லை என்றேன்.

வங்கக் கடலில்

1913 மே மாதம் கார்ல் ஃபான் முல்லர் கப்பல் தலைவரானார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஜெர்மனியின் கிழக்காசியப் படை முழுவதும் தென் அமெரிக்கா நோக்கிச் செல்ல முடிவெடுத்தபோது, எம்டன் மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். நிலக்கரி ஏற்றிய மார்க்கோமானியா என்ற துணைக் கப்பலுடன் எம்டன் பிரிந்தது. வழியில் கித்தானும் மரமும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது நான்கு புகைபோக்கி கொண்ட ஆங்கிலேயக் க்ரூசராகத் தெரியும்.

செப்டம்பர் 10-ஆம் தேதிவாக்கில் வங்கக் கடலில் வேட்டை தொடங்கியது. முதலில் சிக்கியது பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல், அதில் இருந்தது வங்காள நிலக்கரி. அடுத்து இண்டஸ், லோவட், கில்லின், தேயிலை ஏற்றி வந்த டிப்ளமட் என்று அடுத்தடுத்துப் பிடிபட்டன. ஆட்களை இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார்கள். பிடிபட்டவற்றில் கபிங்கா என்ற கப்பலில் அமெரிக்கர்களின் சரக்கு இருந்தது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. அதனால் அந்தக் கப்பலை மூழ்கடிக்காமல், மற்ற கப்பல்களின் மாலுமிகள் எல்லோரையும் அதில் ஏற்றி அனுப்பினார் முல்லர். விடுதலையானவர்கள் அவருக்கு வாழ்த்தொலி எழுப்பிச் சென்றதாகக் குறிப்புகள் உண்டு.

எந்தக் கப்பல் எங்கே வரும் என்பது எம்டனுக்கு எப்படித் தெரிந்தது? பிடித்த கப்பல்களில் இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. கல்கத்தாவில் இருந்து எந்தக் கப்பல் எந்த நாளில் கிளம்புகிறது என்று அவற்றில் அச்சாகி இருந்தது. அவ்வளவுதான், ஒற்றன் எதற்கு? லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பல் ஆங்கிலேயருக்குத் தகவல் கொடுத்த பிறகே வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை

அன்றிரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்றது. போர்க்காலம்தான், ஆனாலும் நகரத்தின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் கோபுரத்தில் அப்போது கலங்கரை விளக்கம் இருந்தது, அதுவும் எரிந்துகொண்டிருந்தது. கரையில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கப்பலை நிறுத்தி, தேடுவிளக்கைப் பாய்ச்சிச் சுட்டார்கள். குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 125 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எம்டன் இருட்டில் மறைந்தது.

பொருள் சேதம் போரின் கணக்கில் சிறியது. ஆனால் ஆங்கிலேயக் கடற்படை இருக்கும்வரை இந்தக் கரைக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், ரயில் நிலையங்களில் கூட்டம் முட்டியது, பண்டங்களின் விலை ஏறியது. முல்லரின் நோக்கமும் இதுவேதான். இந்திய மக்களிடையே பேச்சைக் கிளப்புவது, வணிகத்தைக் குலைப்பது, ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பது. 'எம்டன்' நம் மொழியில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால் அந்தக் குண்டுகளில் மிக நீண்ட தூரம் பறந்தது எது என்று தெரியும். சென்னைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்பவர்கள் உயர்நீதிமன்றத்தின் மதில் அருகே உள்ள நினைவுக் கல்வெட்டைக் காட்டலாம். பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறோம்.

நம் கடலுக்குள் ஏன் வரவில்லை?

இந்தப் பகுதிதான் எங்கள் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. சென்னையைத் தாக்கிய எம்டன் அடுத்து மேற்கே, மினிக்காய் தீவுப் பக்கம் போனது. கொழும்புக்கு வரும் போகும் கப்பல்கள் அந்த வழியில் மிகுதி. வரைபடத்தை விரித்து, சென்னையில் இருந்து மினிக்காய்க்குக் கடல் வழியாகவே குறுகிய ஒரு கோடு போடச் சொன்னேன். கோடு பாம்பன் பக்கமாகக் கடலைக் கடந்தது. "நம்ம ஊர் வழியா போயிருக்கலாமே சார்?"

பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எம்டனின் உடல் நீருக்குள் ஐந்தரை மீட்டர் அமிழ்ந்திருக்கும் என்று கரும்பலகையில் எழுதினேன். கடலின் ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்வது நம் மீனவர் வழக்கம். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. ஐந்தரை மீட்டர் என்றால் மூன்று பாகம். "மூணு பாகம் அமுங்குற கப்பல் மணல்திட்டுல எப்படிப் போகும்? தட்டிடும்" என்றான் ஒருவன். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் வரை நீளும் திட்டுகளில் இடுப்பளவு நீர் உள்ள இடங்களை அவன் கண்ணால் பார்த்தவன். வடகடலுக்குள் எம்டன் நுழைந்திருந்தாலும் தென்கடலுக்குள் இறங்கியிருக்க முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டும். ஓடி ஒளிவதையே பலமாகக் கொண்ட ஒரு கப்பலுக்கு ஒரே வாசல் உள்ள அறை பிடிக்காது. ஆகவே இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போனது. இன்றும் பெரிய கப்பல்கள் அப்படித்தான் போகின்றன. 1860 முதல் பேசப்பட்டு வரும் சேதுக் கால்வாய்த் திட்டத்தின் அடிப்படைக் காரணமும் இந்த மூன்று பாகக் கணக்குதான்.

அதே 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்றுதான் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிப் படகில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு போகும் போட் மெயில் பாதை அந்த ஆண்டில் உருவானது. ஆறு மாத இடைவெளியில் ஒரு பாலமும் ஒரு போரும். காலக்கோட்டில் இரண்டையும் அடுத்தடுத்துக் குறிக்கச் சொன்னால், முதல் உலகப் போர் எவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

கணக்கு ஆசிரியருக்கு ஒரு பயிற்சி. எம்டன் 12 நாட் வேகத்தில் சென்றால், கொண்டுசெல்லும் 860 டன் நிலக்கரியைக் கொண்டு 3,760 கடல் மைல் போகலாம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எத்தனை நாளில் கரி தீரும்? விடை 313 மணி நேரம், பதின்மூன்று நாள். மணிக்கு எத்தனை டன் எரியும்? ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். அவ்வளவையும் மனிதர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும். நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத கடலில் பதின்மூன்று நாளுக்கு ஒருமுறை கரி தேட வேண்டும் என்பது புரிந்தால்தான், அந்தக் கப்பல் ஏன் நிலக்கரிக் கப்பல்களையே விரும்பிப் பிடித்தது என்பது புரியும். செப்டம்பர் இறுதியில் பிடித்த புரெஸ்க் என்ற கப்பலில் முதல்தரமான வேல்ஸ் நிலக்கரி இருந்தது, ஆங்கிலேயக் கடற்படைக்காகவே அனுப்பியது.

செய்தி போகாத தீவும் செய்தி போன தீவும்

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் எம்டன் டியேகோ கார்சியா தீவுக்குப் போனது. ஆங்கிலேயர் தீவுதான். ஆனால் அங்கே தந்தி இல்லை, போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் செய்தி எட்டவில்லை. தீவில் இருந்தவர்கள் ஜெர்மானியரை விருந்தினராக வரவேற்றார்கள். பழுதாகிக் கிடந்த அவர்களுடைய மோட்டார் படகை ஜெர்மானியர் சரிசெய்து கொடுத்தார்கள். மீண்டும் மினிக்காய்ப் பக்கம் திரும்பி இன்னும் சில கப்பல்களைப் பிடித்த பிறகு, அக்டோபர் 28 விடியற்காலையில் பொய்ப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யக் க்ரூசரை மூழ்கடித்தது. வெளியேறும்போது எதிர்ப்பட்ட முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்து, அதில் தப்பியவர்களைக் கடலில் இருந்து தூக்கியது.

நவம்பர் 9 காலை எம்டன் கோகோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்‌ஷன் தீவுக்கு வந்தது. கடலடித் தந்திக் கம்பிகள் சந்திக்கும் நிலையம் அங்கே இருந்தது. அதை உடைக்க ஹெல்முட் ஃபான் முக்கே தலைமையில் சுமார் ஐம்பது பேர் கரை இறங்கினார்கள். அவர்கள் உள்ளே வருவதற்குள் தந்தி ஊழியர்கள் அறிமுகமில்லாத கப்பல் ஒன்று வந்திருப்பதாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய கப்பல் தொகுதி ஒன்று ஐம்பது கடல் மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற க்ரூசர் திரும்பியது. சிட்னி பெரியது, வேகமானது, அதன் பீரங்கிகள் 15 சென்டிமீட்டர். முதல் சில நிமிடங்களில் எம்டன் நன்றாகச் சுட்டது. அதன் பிறகு தூரத்தில் இருந்தே சிட்னி அடித்து நொறுக்கியது. மூழ்கி எல்லோரும் சாவதைத் தவிர்க்க முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளத்திட்டில் ஏற்றினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிட்னியில் நால்வர். போர் தொடங்கி 97 நாட்கள் ஆகியிருந்தன.

நம் கரையில் பவளத்திட்டும் மணல்திட்டும் அதன் வழியை மறித்தன. அங்கே அதன் பயணம் ஒரு பவளத்திட்டில் முடிந்தது. இதைக் கவனித்துச் சொன்னதும் ஒரு மாணவிதான்.

செண்பகராமன் கேள்வி

எந்த வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒரு கை உயரும். "எம்டன்ல செண்பகராமன் பிள்ளை இருந்தார்னு சொல்றாங்களே?" மேடைகளிலும் கட்டுரைகளிலும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி இது. இதை உடனே மறுத்துவிடாமல் மாணவர்களையே சோதிக்கச் செய்யலாம். திருவனந்தபுரத்தில் பிறந்து ஐரோப்பாவுக்குப் படிக்கப் போன செண்பகராமன், 1914 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழு ஒன்றின் தலைவராக இயங்கினார். அதன் பின் பெர்லின் சென்றார். எம்டனோ 1910-இல் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டு, போர் மூண்டபோது சீனக் கடலில் இருந்தது. ஒரே மாதத்தில் ஒருவர் சூரிச்சிலும் வங்கக் கடலிலும் இருக்க முடியுமா? தேதிகளை இரண்டு பத்தியாக எழுதச் சொன்னால் பதிலை அவர்களே எட்டுகிறார்கள். அவர் கப்பலில் இல்லை என்பதால் அவருடைய விடுதலைப் பணி குறைந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளைகள் சிலருக்கு ஏமாற்றம்தான், முகத்தில் தெரிகிறது. ஒருவன் வீட்டில் போய்ச் சொல்லி, அப்பாவோடு வாக்குவாதம் ஆகிவிட்டது என்று மறுநாள் வந்து சொன்னான். என்ன ஆதாரம் காட்டினாய் என்று கேட்டேன். தேதிகளைக் காட்டினானாம்.

தமிழ்ப் பாடவேளைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது சொல் திரட்டல். வீட்டிலும் தெருவிலும் எம்டன் என்ற சொல்லை யார், எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். கண்டிப்பான அப்பா, கணக்கில் ஏமாற்றாத வியாபாரி, சொல்லாமல் வந்து நிற்கும் மேலதிகாரி, பிடிகொடுக்காத மீன், வலையை அறுத்த ஆமை என்று பட்டியல் வந்தது. சொல்லாமல் வருவது, அடித்துவிட்டு மறைவது என்ற இரண்டு குணங்களும் பெரும்பாலான பொருள்களில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஆமையை எம்டன் என்றவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மீனவர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேத்தி சொன்னபோது அவர் நம்பவில்லையாம்.

கரை இறங்கிய ஐம்பது பேரின் கதை தனி. கப்பல் இல்லாமல் தீவில் நின்ற முக்கே, அங்கிருந்த அயேஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்திரா போய், வேறொரு கப்பலில் அரேபியாவை அடைந்து, பாலைவனத்தைக் கடந்து 1915-இல் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார். முல்லர் போர் முடியும் கட்டம்வரை மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். உயிர் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயருடன் எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. பவளத்திட்டில் கிடந்த கப்பலின் உடலை 1950-களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் பழைய இரும்புக்காக வெட்டி எடுத்துப் போனது. அதன் பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைடு பூங்காவில் இருக்கிறது.